மறுத்தவர்கள் பட்டியலில் என் பெயர்

நான் இருந்த மேசையில் இப்போது இருக்கும் பிள்ளைகளுக்கு,

நீங்கள் எல்லோரும் பல்கலைக்கழகம் போய் வந்தவர்கள். நான் யாழ்ப்பாணத்தில் பத்தாம் வகுப்போடு நின்றவன். இங்கே சுவிஸில், பீல் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றின் சமையலறையில் பல வருடம் பாத்திரம் கழுவினேன். எங்கள் சனம் நோயாளியாக வந்து படுத்தால் மொழிபெயர்க்க என்னைக் கையுறையோடு மேலே கூப்பிடுவார்கள். அப்படிக் கூப்பிட்ட ஒரு பேராசிரியை அம்மாதான் பிறகு ஒருநாள், "இந்த ஆராய்ச்சிக்கு உங்களைப் போல ஓர் ஆள் வேண்டும்" என்று சொல்லி என்னை மேசைக்குக் கொண்டுவந்தார். எல்லாம் அவன் செயல். எனக்குப் படிப்பு இல்லை, ஆனால் நான் விட்ட பிழைகள் நிறைய இருக்கின்றன. அதில் ஒன்றை உங்களுக்கு எழுதி வைக்கிறேன்.

வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும். என்றாலும் நான் விளங்கிக்கொண்ட விதத்தில் சொல்கிறேன். மருத்துவ ஆராய்ச்சிகள் அதிகம் எட்டிப் பார்க்காத ஆசிய, பசிபிக் தீவுச் சனங்களின் உடல்நலத்தைப் பல வருடம் தொடர்ந்து பார்க்க ஓர் அறக்கட்டளை பணம் கொடுக்கிறது. சுவிஸில் இருக்கும் எங்கள் தமிழ்ச் சனமும் அதில் ஒரு பங்கு. எங்கள் ஆட்களுக்கு ஏன் இளவயதிலேயே சீனி வருத்தமும் நெஞ்சு வருத்தமும் வருகின்றன என்று பார்க்க, சேர்ந்தவர்களிடம் வருடத்துக்கு ஒருமுறை இரத்தம் எடுத்து, நிறையும் இடுப்பும் அளந்து பதிவார்கள். அறக்கட்டளைக்கும் வீடுகளுக்கும் நடுவில் ஓடித் திரிவது என் வேலை. சில வருடங்களுக்கு ஒருமுறை அறக்கட்டளை ஒரே ஒரு கேள்வி கேட்கும்: முதலில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் நிற்கிறார்கள்? ஆட்கள் கழன்றுபோனால் அடுத்த கட்டத்துக்குப் பணம் இல்லை. பணம் இல்லையென்றால் அத்தனை வருடத்து இரத்தமும் குளிர்பெட்டியில் கிடக்கும், ஒருவருக்கும் பயன்படாமல்.

முதலில், வீட்டுக்கு ஒருவர் என்ற கணக்கில், ஆட்களைச் சேர்க்க வீடு வீடாகப் போனவன் நான். பேர்ன், ஊஸ்டர், பீல் என்று ரயில் ஏறி இறங்கினேன். எல்லா வீட்டிலும் தேத்தண்ணியோடு ஒரே கேள்விதான் வந்தது.

"தம்பி, இவை காசு முடிஞ்சவுடனை எங்களை நடுவிலை விட்டிட்டுப் போயிடுவினமோ?"

"இல்லை அண்ணை. முருகன் அறிய விடமாட்டினம்."

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. பணம் என்னுடையது அல்ல, முடிவும் என்னுடையது அல்ல. இரண்டும் இல்லாதவன் முருகனைச் சாட்சிக்கு இழுத்துவிட்டேன். சொன்னது சொன்னதுதான். அந்த வாக்கு வருடக்கணக்காக என் நெஞ்சில் ஒரு கல்லாகக் கிடந்தது.

இரத்தம் எடுக்கும் இடத்தைத் தெரிந்தெடுத்தவனும் நான்தான். பேர்னில் பூம்ப்ளிஸ் பக்கத்தில் கோயிலோடு சேர்ந்த ஒரு மண்டபம். எங்கள் சனத்துக்கு ஆஸ்பத்திரி என்றால் பயம், கோயில் என்றால் பயமில்லை. ட்ராம் வாசலில் நிற்கும். இரத்தம் கொடுத்துவிட்டு அப்படியே பூசையும் பார்க்கலாம். பேராசிரியைக்கு நல்ல சந்தோசம். "இதைத்தான் நான் சொன்னேன், உங்களைப் போல ஓர் ஆள் வேண்டும் என்று" என்றார். நானும் கொஞ்சம் பெருமைப்பட்டேன். முதல் வருடம் மண்டபம் நிறைந்தது.

இரண்டாம் வருடம் கொஞ்சம் குறைந்தது. மூன்றாம் வருடம் இன்னும் குறைந்தது. வராதவர்களுக்கு ஜெனிற்றா தொலைபேசி எடுப்பாள். எங்கள் ஆராய்ச்சித் தாதி அவள். இங்கே பிறந்த பிள்ளை, கிறிஸ்தவ வேதக்காரக் குடும்பம், நல்ல சுறுசுறுப்பு. அவள் எடுத்தால் அங்கே, "இந்த முறை ஏலாது பிள்ளை, பிறகு பாப்பம்" என்பார்கள். இரண்டு தரம் அழைத்தும் வராவிட்டால் படிவத்தில் 'மறுத்தார்' என்ற கட்டத்தில் புள்ளடி போட்டுக் கோப்பை மூட வேண்டும். சட்டம் அப்படி. அவள் போட்டாள். நான் கீழே கையெழுத்து வைத்தேன். ஏன் வரவில்லை என்று நானும் யோசித்ததுண்டு. சனத்துக்கு அலுத்துப் போச்சு என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு எனக்கு வசதியாக இருந்தது.

பிறகு அறக்கட்டளையிலிருந்து கடிதம் வந்தது. 'மறுத்தவர்கள் தொகை கவலை தருகிறது. குறிப்பாகப் பெண்கள். இந்தச் சமூகம் ஆராய்ச்சியை விரும்பவில்லை என்றே தோன்றுகிறது. நேரில் வந்து விளக்குங்கள். அதன் பிறகே அடுத்த கட்டம் பற்றிய முடிவு.' பேராசிரியை கடிதத்தை என் முன்னால் வைத்தார். அன்றிரவு முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தக் கிழமைதான் கனடாவில் என் பெரியப்பாவின் மகன் கண்ணை மூடினார். அப்பா வழி. ஆகவே எனக்குத் துடக்கு, சாவுத் தீட்டு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடியும்வரை கோயில் வாசல் மிதிக்கக் கூடாது. சுவிஸுக்கு வந்த பிறகு எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு சாவு அதுவரை வந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் இரத்தம் எடுக்கும் நாள். சனிக்கிழமை ஜெனிற்றாவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"பிள்ளை, நாளைக்கு நான் வரேலாது. துடக்கு."

"ஓம் அங்கிள், சொறி, அண்ணா செத்ததெண்டு கேள்விப்பட்டனான். நான் சமாளிப்பன். ஆனா ஒண்டு. நாளைக்கு உங்கடை இரத்தமும் எடுக்க இருக்கு. நீங்களும் ஆராய்ச்சியிலை ஓராள் தானே."

"அதுக்கென்ன, பிறகு பாப்பம்."

"இது உங்களுக்கு ரெண்டாவது தரம் அங்கிள். முதல் தரம் உங்களுக்குக் காய்ச்சல். நான் உங்களுக்கு என்ன போடுறது?"

"என்ன போடுறதெண்டால்?"

"நாலு கட்டம்தான் இருக்கு. வந்தார், இடம் மாறினார், மறுத்தார், இறந்தார். நீங்கள் இறக்கேல்லை. அப்ப மறுத்தார் எண்டு போடட்டோ?"

அவள் பகிடிக்குக் கேட்கவில்லை. வேலையைச் சரியாகச் செய்யும் பிள்ளை. நான் தொலைபேசியைப் பிடித்தபடி நின்றேன். என் மனுசி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன, ஆருக்கும் ஏதுமோ?" என்றாள்.

எனக்குத்தான் ஏதோ ஆகியிருந்தது. வீடு வீடாகப் போய் ஆட்களைச் சேர்த்தவன், மறுத்தவர்கள் பட்டியலில் நிற்கிறேன். நான் மறுக்கவில்லை. இரத்தம் கொடுக்க ஆசைதான். ஆனால் அந்த வாசலுக்குள் என்னால் போக முடியாது. அந்த வாசலைத் தெரிந்தெடுத்தவனும் நான்தான்.

அதன் பிறகு ஒன்றன் பின் ஒன்றாக விளங்கியது. எங்கள் சனம் உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கிறது. லண்டனில் ஒரு சித்தப்பா போனால் பேர்னிலும் ஊஸ்டரிலும் இருக்கும் பங்காளிகள் எல்லோருக்கும் துடக்கு. ஒரே சாவில் பல வீடுகள் ஒன்றாக நின்றுவிடும். பெண்களுக்கோ மாதாமாதம் விலகி இருக்கும் நாட்கள். அந்த நாட்களில் ஒரு பெண் கோயில் பக்கம் வருவாளோ? இங்கே பிறந்த பிள்ளை ஒருத்தி தொலைபேசியில் கேட்டால் காரணத்தைச் சொல்வாளோ? "ஏலாது, பிறகு பாப்பம்" என்றுதான் சொல்வாள். இது எனக்குத் தெரியாத விசயம் அல்ல. என் வீட்டிலும் உள்ளதுதான். வீட்டில் தெரிந்ததை வேலைக்கு நான் கொண்டுபோகவே இல்லை, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை பேராசிரியையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பெண்களின் விசயத்தைச் சொல்லும்போது மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். நிர்வாகத்தில் இருந்த ஒருவரும் கூட இருந்தார். அவர் கெட்டவர் அல்ல, உதவி செய்யத்தான் நினைத்தார். "பாதிப் பேருக்கு 'இடம் மாறினார்' என்று மாற்றிவிடலாமே. அந்தக் கட்டம் தொகையைப் பாதிக்காது. அவர்கள் உண்மையில் மறுக்கவில்லை என்றால் அதில் பெரிய பொய்யும் இல்லை" என்றார். பேராசிரியை என்னைப் பார்த்தார். "சனத்தைத் தெரிந்தவர் நீங்கள். நாளைக் காலை சொல்லுங்கள்."

அன்று பேர்னிலிருந்து பீல் வரும்வரை ரயிலில் அதையே யோசித்தேன். உண்மையைச் சொல்கிறேன், ஆசை வந்தது. சில புள்ளடிகள், எல்லாம் சரியாகிவிடும், என் வாக்கும் நிலைக்கும். முதலில் என் பெயருக்கு எதிரே 'இடம் மாறினார்' என்று மனதில் போட்டுப் பார்த்தேன். நான் எங்கும் மாறவில்லை. அதே வீடு, அதே மாடி, அதே தபால்பெட்டி. என் பெயருக்குப் பொய்யானது மற்றவர் பெயருக்கு எப்படி உண்மையாகும்? இவர்கள் மறுக்கவில்லை என்பதும் என் ஊகம்தானே. ஒருவரையும் நான் கேட்கவில்லை.

அடுத்த நாள் சொன்னேன், "மாற்ற வேண்டாம் அம்மா. கேட்டுப் பார்ப்போம்."

கேட்பது எப்படி? நான் ஆம்பிளை. ஒரு பெண்ணிடம் போய், "தங்கச்சி, ஏன் வரேல்லை?" என்று கேட்டால் தொலைபேசியை வைத்துவிடுவாள். ஜெனிற்றாவுக்கும் கூச்சம். ஆட்களின் பெயர் சொல்லாமல் மனுசியிடம் யோசனை கேட்டேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்:

"ஏன் காரணத்தைக் கேக்கிறியள்? காரணம் உங்களுக்கு என்னத்துக்கு? எந்த நாள் வரலாம் எண்டு கேளுங்கோ. கோயில் இல்லாத வேறை இடமெண்டால் பரவாயில்லையோ எண்டு கேளுங்கோ. சொல்லுற ஆள் தானே சொல்லும்."

பிள்ளைகளே, நான் எத்தனையோ பயிற்சிக் கூட்டங்களில் இருந்திருக்கிறேன். அவள் சொன்னதைப் போல ஒன்றை அங்கே கேட்டதில்லை. ஜெனிற்றா அப்படியே கேட்டாள். மூன்று நாள் அவளும் நானும் பட்டியலை வைத்துக்கொண்டு அழைத்தோம். பெரும்பாலான வீடுகளில் ஒரு நாளைச் சொன்னார்கள். "வியாழன் எண்டால் ஓம்." "வேலைக்கு முன்னம், ஆறு மணிக்கு ஏலுமோ?" "வேறை இடமோ? அப்ப இப்பவே வாறன்."

ஒருவர் மட்டும் தெளிவாகச் சொன்னார். "அண்ணை, எனக்குத் துடக்குமில்லை, ஒண்டுமில்லை. எனக்கு ஊசியெண்டால் பயம். நான் உண்மையாவே மறுக்கிறன். வடிவா எழுதுங்கோ." வடிவாக எழுதினோம்.

சூரிச்சில் அறக்கட்டளைக் கூட்டம். நீள மேசையில் நாலு பேர். சுவரில் இருந்த திரையில், பசிபிக் தீவொன்றில் இதேபோன்ற ஆராய்ச்சி நடத்தும் ஒருவர். தலைமையில் குட்டையாக முடி வெட்டிய ஒரு அம்மையார், கையில் பென்சில். என் டொச்சு, அதாவது ஜெர்மன், சமையலறையில் படித்தது. உள்ளே போகுமுன் திருநீற்றைத் துடைக்கலாமோ என்று ஒருகணம் நினைத்தேன். துடைக்கவில்லை.

சாவைப் பற்றிச் சொன்னேன். பெண்களின் நாட்களைப் பற்றியும் சொன்னேன். இம்முறை மேசையைப் பார்க்கவில்லை. மேசையில் இருந்த ஒருவர் கேட்டார், "அப்படியென்றால் உங்கள் மதம்தான் அவர்களைத் தடுக்கிறது, அப்படித்தானே?"

"இல்லை ஐயா. மதம் கோயிலுக்குள் வராதே என்றுதான் சொன்னது. இரத்தம் கொடுக்காதே என்று சொல்லவில்லை. இரண்டையும் ஒரே வாசலில் வைத்தவன் நான். இடம் என் தெரிவு. பிழையும் என்னுடையது."

பேராசிரியை என் பக்கம் திரும்பினார். அப்போது திரையில் இருந்தவர் தொண்டையைச் செருமினார். "எங்கள் தீவிலும் சாவு வீடென்றால் ஊரே அங்கே போய்விடும். கிளினிக் பக்கம் ஒருவரும் வரமாட்டார்கள். நாங்களும் மறுத்தார் என்றுதான் போட்டுக்கொண்டிருக்கிறோம்" என்றார்.

அம்மையார் பென்சிலால் மேசையில் இரண்டு தட்டுத் தட்டினார். "அவர்கள் மறுக்கவில்லை என்று நீங்கள் சொல்கிறீர்கள். எனக்குச் சொல் போதாது. ஐந்து கிழமை தருகிறேன். வேறு இடத்தில் நடத்துங்கள். வருகிறார்களா என்று பார்ப்போம்."

ஐந்து கிழமையில் அவ்வளவு பேருக்கு இடம் தேட வேண்டும். கேட்ட இடமெல்லாம் ஏற்கெனவே பதிவாகியிருந்தது. கடைசியில் ஒரு பள்ளிக்கூடத்தைப் பராமரிப்பவர் தலையைச் சொறிந்துகொண்டு, "கீழே சிவில்ஷுட்ஸ் அறை ஒன்று சும்மா கிடக்கிறது, பார்க்கிறீர்களா?" என்றார். போர் வந்தால் ஊரார் ஒளிந்திருக்க இந்த நாட்டார் நிலத்துக்குக் கீழே கட்டி வைத்திருக்கும் நிலவறை. கொங்கிரீட் சுவர், இரும்புக் கதவு. ஆனால் சுத்தம், சூடு உண்டு, கோயிலும் இல்லை. எடுத்தோம். ஞாயிறு காலையிலும், வேலைக்குப் போகிறவர்களுக்காகப் புதன் காலை ஆறு மணிக்கும்.

முதல் ஞாயிறு ஏழு மணிக்கு நான் படியடியில் நின்றேன். ஒருவரும் இல்லை. ஏழே கால். ஒருவரும் இல்லை. கந்தசஷ்டிக் கவசத்தை மனதுக்குள் தொடங்கினேன், பாதியில் மறந்துபோனது. ஏழரைக்கு ஒரு ட்ராம் வந்தது. அதிலிருந்து இறங்கினார்கள். குளிருக்குத் தலையைச் சுற்றிக்கொண்டு, துணைக்குக் குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு.

முதலில் இறங்கிவந்த ஓர் அண்ணை இரும்புக் கதவைத் தட்டிப் பார்த்தார். "பங்கருக்கை இருந்து தப்பித்தான் இந்த நாட்டுக்கு வந்தனாங்கள். நீர் என்னெண்டால் திரும்பவும் பங்கருக்கை இறக்கிப் போட்டீர்."

அவருக்குப் பின்னால் வந்த அவர் மனைவி விட்டால்தானே. "அங்கை ஷெல் வந்தது, இஞ்ச ஊசி வருது. அது காணும், கீழை இறங்குங்கோ, பின்னாலை ஆக்கள் நிக்கினம்."

நிலவறை சிரிப்பால் நிறைந்தது. ஜெனிற்றா ஓடியோடிக் கைகளில் பட்டி கட்டினாள். "அன்ரி, கையைப் பொத்துங்கோ. மற்றப் பக்கம் பாருங்கோ. முடிஞ்சுது."

எட்டரை மணிக்கு, சொல்லாமல் கொள்ளாமல், அறக்கட்டளை அம்மையார் படியிறங்கி வந்தார். ஒரு மூலையில் நின்று பார்த்தார். ஊஸ்டரிலிருந்து முதல் ரயில் பிடித்து வந்த ஒரு பெண் அப்போது ஜெனிற்றாவோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் மறுத்ததோ? ஆர் எழுதினது? நான் எப்ப பிள்ளை மறுத்தனான்?"

"நான்தான் அக்கா எழுதினது. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"இனி அப்பிடி எழுதினால் உன்ரை காதைப் பிடிச்சு முறுக்குவன். இந்தா, எடு."

கையை நீட்டினாள். அம்மையார் என்னிடம் அதற்கு அர்த்தம் கேட்டார். காது உட்பட முழுவதையும் சொன்னேன். அவர் முகம் மாறவில்லை. பென்சிலை எடுத்து எதையோ குறித்துக்கொண்டார். போகும்போது ஒன்று கேட்டார்: "யாராவது உண்மையாகவே மறுத்தார்களா?" ஊசிக்குப் பயந்த மனிதரைப் பற்றிச் சொன்னேன், பெயரில்லாமல். அப்போதுதான் அவர் சிரித்தார். "நல்லது. எல்லோரும் வந்துவிட்டார்கள் என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்."

இதை மட்டும் மறக்க வேண்டாம். பணம் கொடுப்பவர்கள் எதிரிகள் அல்ல. அவர்களுக்குத் தெரிவது நாம் போடும் புள்ளடி மட்டும்தான். புள்ளடி போடுமுன் அந்த ஆளின் வீட்டில் என்ன நடந்தது என்று ஒரு தரம் யோசியுங்கள். யோசித்தும் விளங்கவில்லையென்றால், எந்த நாள் வரலாம் என்று கேளுங்கள்.

அந்தியேட்டி முடிந்து, வீடு கழுவி, நான் முழுகித் துடக்குக் கழித்து, சில கிழமை போன பிறகு ஒரு மத்தியானம் கடிதம் வந்தது. பேராசிரியை முதலிலேயே தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர், "உங்களுக்கும் ஒரு பிரதி அனுப்பச் சொன்னேன், நீங்களே திறவுங்கள்" என்று மட்டும் செய்தி போட்டிருந்தார். தபால்பெட்டியடியிலேயே உறையைக் கிழித்தேன். எழுத்துகள் ஓடின. இரண்டாம் தரம் வாசித்தபோதுதான் விளங்கியது. அடுத்த கட்டத்துக்குப் பணம் உண்டு. மூடிய கோப்புகளைத் திறக்கலாம். 'எந்த நாள், எந்த இடம் வசதி?' என்ற கேள்வியை அவர்கள் பணம் கொடுக்கும் எல்லா ஆராய்ச்சிகளின் படிவத்திலும் சேர்க்கப் போகிறார்களாம். இதுவரை வீட்டுக்கு ஒருவர் என்று இருந்ததை மாற்றி, இனிமேல் புதிதாகவும் ஆட்களைச் சேர்க்கலாம்.

படியேறி வீட்டுக்குள் போனேன். மனுசி மேசையில் சோற்றுக் கோப்பை வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னவாம்?"

"தொடருதாம்."

அவள் சாமிப் படத்தைப் பார்த்து ஒருதரம் கும்பிட்டாள். பிறகு சோற்றைப் போட்டாள். அத்தனை கிழமைக்குப் பிறகு முதல் தரமாக எனக்குப் பசித்தது. இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டேன். அவள் எதிரில் இருந்து கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். டொச்சு எழுத்து அவளுக்கு அவ்வளவு ஓடாது.

"புது ஆக்களையும் சேர்ப்பினமோ?"

"ஓம். வீட்டுக்கு ஓராள் எண்ட கதை இனி இல்லையாம்."

"அப்ப என்னையும் எழுதுங்கோ."

கவளம் கையில் நின்றது. இத்தனை வருடம் எத்தனை வீட்டுப் படி ஏறி, எத்தனை பெண்களிடம் கையெழுத்து வாங்கினேன். வீட்டுக்கு ஒருவர் என்றபோது, என் வீட்டுக்கு என் பெயரைத்தான் எழுதினேன். வேறு யோசனையே வரவில்லை.

"உமக்கு விருப்பம் எண்டு எனக்குத் தெரியாதே."

"தெரியாதுதான்," என்றாள். கோபம் இல்லை. சட்டியில் மிஞ்சிய குழம்பை என் கோப்பையில் வழித்து ஊற்றினாள். "ஞாயிறு எனக்குச் சரிவராது. புதன் எண்டால் வாறன்."